திருச்சி ரயில் அருங்காட்சியகம்: ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்

ஆட்டோக்காரரிடம் "மியூசியம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன், மலைக்கோட்டைப் பக்கம் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியக வாசலில் இறக்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. "ரயில்வே கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஜங்ஷனிலிருந்து நடந்தே போயிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.

நீடாமங்கலத்திலிருந்து நான், ஏழாவது படிக்கும் மகன், எழுபத்தெட்டு வயது அம்மா, மூவரும் ரயிலில்தான் போனோம். பஸ்ஸில் போனால் பாதி விஷயம் போய்விடும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக 1860-களின் தொடக்கத்தில் போட்ட பாதை அல்லவா இது? முதலில் அகலப் பாதை, 1875 வாக்கில் மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள், நம் காலத்தில் மறுபடி அகலமாக்கினார்கள். இதைச் சொன்னதும் மகன் சிரித்தான்.

ரயில் அருங்காட்சியகம் 2014-ல் திறந்த இடம். வெளியே நிற்கிற நீராவி என்ஜினைப் போனவுடனே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் இரும்பு தோசைக்கல்தான். பிள்ளைகள் தொடாமல் இருக்க மாட்டார்கள். படமெல்லாம் எடுத்து முடித்து, நான் அத்தோடு கிளம்பத் தயார்.

உள்ளே போன அம்மா ஒரு டோக்கன் கருவி முன்னால் நின்றுவிட்டார். சிவப்புப் பெட்டி, உள்ளே உலோக உருண்டைகள். "இதுக்குள்ளேருந்து வர்ற குண்டுதான்டா உங்கப்பா தூக்கத்தைக் கெடுத்தது" என்றார்.

அப்பா சாலியமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிரும் ரயில் வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பெட்டி. இரண்டு ஸ்டேஷனிலும் ஒன்று இருக்கும், இரண்டுக்கும் மின்தொடர்பு. உள்ளிருந்து வரும் குண்டு கையில் இருந்தால்தான் வண்டி அடுத்த ஸ்டேஷன்வரை போகலாம். ஒரு குண்டை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் விழும்வரை எந்தப் பக்கமும் அடுத்த குண்டு வராது. குண்டைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி அப்பா நீட்டிப் பிடிப்பார். நிற்காமல் போகிற வண்டியில், என்ஜினுக்குக் கரி போடும் பயர்மேன் அதைக் கையை விட்டு வாங்கிக்கொண்டு, முந்தின ஸ்டேஷனில் வாங்கிய வளையத்தைக் கீழே எறிவார். இருட்டில் அது கருவேலம் புதருக்குள் போய் விழும். அப்பா அரிக்கேன் விளக்கோடு தேடப் போவார்.

"கிடைக்கலேன்னா?" என்றான் மகன்.

"அடுத்த வண்டி நிக்கும். அதனால கிடைச்சே ஆகணும்" என்றார் அம்மா.

அந்தப் பெட்டியிடமே அரை மணி நேரம் போயிற்று. பக்கத்தில் நின்ற இரண்டு குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. எந்தப் பலகையிலும் எழுதி வைக்க முடியாத சங்கதி இது. அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் ரயில்வேயில் இருந்தவரோ, ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவரோ இருந்தால் கையோடு அழைத்துப் போங்கள். உட்கார இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், முட்டி வலிக்கும்.

சாப்பாடு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியில் ஒரு கடையில் சாம்பார் சாதம் வாங்கி ஏமாந்தோம். வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

இங்கே என்ஜின் நிற்கும், ஓடாது. புகை கக்கி ஓடுவதைப் பார்க்க நீலகிரி மலை ரயிலுக்குத்தான் போக வேண்டும். அதற்கான நீராவி என்ஜின்கள் சில நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலேயே செய்தவை. மே மாதம் போகலாம் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டிக்கெட் கிடைக்க வேண்டும். அம்மா இப்போதே ஸ்வெட்டர் கேட்கிறார்.