எஸ்எம்பிஎஸ் பழுதா? கம்பி, டெஸ்டர், மீட்டர், மாற்று யூனிட்: எதை எப்போது நம்பலாம்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரைக்கும், ஐப்பசி இடி தொடங்கிவிட்டால் சர்வீஸ் கடைகளில் கம்ப்யூட்டரைப் பற்றி இந்தப் புகார் கேட்கத் தொடங்கும்: "பட்டன் அமுக்கினா ஒரு அனக்கமும் இல்ல." உடனே எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சிறு வோல்டேஜ்களாக மாற்றித் தரும் பெட்டி, கீழே யூனிட் என்பதும் இதுதான்) போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்குபவர்கள் நிறைய. பாதிப் பணம் அங்கேதான் வீணாகிறது. சோதிக்க நாலு வழி இருக்கிறது: கம்பி, டெஸ்டர் பெட்டி, மல்டிமீட்டர், மாற்று யூனிட். நாலும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

எந்த வழிக்குப் போனாலும் முதலில் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், யூபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். பழைய யூனிட்டின் பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்க வேண்டும். 115இல் வைத்து நம் லைனில் போட்டால் வெடித்தேவிடும்.

கம்பிச் சோதனை எல்லாருக்கும் தெரிந்தது. மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலிருந்து எடுத்த 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் (யூனிட்டைக் கிளப்பும் வயர்) பக்கத்துக் கருப்பு வயரையும் ஒரு வளைத்த கம்பியால் இணைத்து, பிறகு பிளக் போட வேண்டும். எல்லா வயரும் கருப்பாக இருந்தால், கொக்கிப் பக்க வரிசையில் (13 முதல் 24 வரை உள்ள பின்கள்) 16ஆம் பின்தான் பச்சை. ஃபேன் சுற்றினால் யூனிட் கிளம்புகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான், நல்ல யூனிட் என்று அர்த்தமில்லை. 12 வோல்ட் 10.8க்கு இறங்கியிருந்தாலும் ஃபேன் சுற்றும். சுற்றவில்லை என்பதும் முடிவல்ல. சூடு ஏறிய பிறகே ஃபேன் ஓடும் மாடல்கள் இருக்கின்றன. சில பழைய யூனிட்டுகள் லோடு (கரண்ட் இழுக்கும் பொருள்) இல்லாமல் ஓடாது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கோர்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். டெல், எச்பி, லெனோவோ கம்பெனி மெஷின்கள் பலவற்றில் கனெக்டரே வேறு. அவற்றில் இந்தக் கணக்கை வைத்துக் கம்பி செருகாதீர்கள்.

டெஸ்டர் பெட்டி, அதாவது யூனிட்டின் கனெக்டர்களைச் செருகிப் பார்க்கும் சிறு பெட்டி, இதைவிடக் கொஞ்சம் மேல். எல்லா வோல்டேஜையும் ஒரே திரையில் காட்டும். பவர் குட் சிக்னல் (வோல்டேஜ் எல்லாம் நிலைத்துவிட்டது என்று யூனிட் மதர்போர்டுக்குச் சொல்வது) எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்றும் காட்டும். 100 முதல் 500க்குள் வர வேண்டும். ஆனால் அது யூனிட்டின் மேல் வைக்கும் லோடு மிகக் குறைவு. தினமும் பத்து யூனிட் பார்க்கும் கடைக்கு வேகம் கிடைக்கும். வீட்டுக்கு அந்தக் காசில் மல்டிமீட்டர் வாங்குவதே மேல்.

மீட்டரின் பலம், மெஷின் ஓடும்போதே அளக்கலாம் என்பது. டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கருப்பு முனையைக் கருப்பு வயரில் வையுங்கள். சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக, வயர் நுழையும் இடத்தில் செருகுங்கள். பட்டன் அமுக்கும் முன் ஊதா வயரை (மெஷின் அணைந்திருக்கும்போதும் வரும் ஸ்டாண்ட்பை வோல்டேஜ்) பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் இன்புட் பக்கமோ ஸ்டாண்ட்பை சர்க்யூட்டோ செத்துவிட்டது. இடியில் அடிபட்ட யூனிட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வேரிஸ்டர் (மிகை வோல்டேஜைத் தாங்கும் பாகம்) கருகி, ஃபியூஸ் போயிருக்கும்.

ஊதா சரியாக இருந்தால் பச்சைக்குப் போங்கள். சும்மா இருக்கும்போது 3 முதல் 5 வோல்ட் காட்டும், பட்டனை அமுக்கினால் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். விழவில்லையா, குற்றம் பட்டனிலோ மதர்போர்டிலோ. எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்ட வேண்டாம். விழுந்தும் மஞ்சளில் 12 வரவில்லையென்றால், எல்லாக் கனெக்டரையும் கழற்றிவிட்டு அதே கம்பிச் சோதனையைச் செய்யுங்கள். தனியாகக் கிளம்புகிறது, போர்டில் மாட்டினால் நிற்கிறது என்றால் போர்டிலோ கிராபிக்ஸ் கார்டிலோ ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். கம்பி உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான்.

ஓடும் மெஷினில் மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். பவர் குட் சிக்னல் வரும் சாம்பல் வயரில் 2.4க்குக் கீழே இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் மெஷின் பூட் ஆகாது. சும்மா இருக்கும்போது ஒரு தடவை, கேமோ வீடியோ ரெண்டரோ ஓடும்போது ஒரு தடவை என்று மஞ்சளை அளந்து பாருங்கள். 12.1இலிருந்து 11.3க்கு இறங்கும் யூனிட்டை மாற்றிவிட வேண்டியதுதான். பயாஸ் (மெஷின் கிளம்பும்போது திறக்கும் செட்டிங் திரை) காட்டும் எண்களை இதற்கு ஈடாக எடுக்காதீர்கள். அந்த சென்சார்கள் தப்பாகக் காட்டுவது சகஜம்.

மீட்டர் தோற்கும் இடமும் உண்டு. கெப்பாசிட்டர் காய்ந்துபோன யூனிட்டில் சராசரி 12 வோல்ட் சரியாகவே இருக்கும், அதன்மேல் ஏறி ஆடும் ரிப்பிளை (வேகமான சிறு ஏற்ற இறக்கத்தை) சாதாரண மீட்டர் பிடிக்காது. 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5இலும் 3.3இலும் 50 மில்லிவோல்ட்தான் எல்லை. கண நேரச் சரிவையும் மீட்டர் காட்டாது. கேம் ஓடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது, மீட்டரில் எல்லாம் சரி என்றால் மாற்று யூனிட்தான் தீர்ப்பு. அது அதே வாட்ஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மாடுலர் (கேபிளைத் தனியே கழற்றக்கூடிய) மாடலாக இருந்தால் பழைய கேபிளை விட்டுவிட்டுப் புதிய யூனிட்டின் கேபிளைத்தான் போட வேண்டும். பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் கருகும். சந்தேகப்பட்ட யூனிட்டை நல்ல மெஷினில் மாட்டிச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்பதற்காகவும் பலர் எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறார்கள். எர்த் இல்லாத பழைய ஓட்டு வீட்டு லைனில் எந்த நல்ல யூனிட்டும் அப்படித்தான் செய்யும். இன்புட் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பாதி லைன் வோல்டேஜ் கேபினெட்டில் வந்து நிற்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள்.

ரிப்பேரா புதுசா என்றால், சாதாரண ஏடிஎக்ஸ் (கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் டெஸ்க்டாப் வகை) யூனிட்டுக்குப் புதுசுதான் எங்கள் முடிவு. ஃபியூஸை மட்டும் மாற்றினால் உள்ளே ஷார்ட்டான டிரான்சிஸ்டர் அதையும் எரிக்கும். மூடியைத் திறப்பதும் விளையாட்டல்ல, பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட், சில மாடல்களில் 400 வரை தங்கியிருக்கலாம். வெளியே கிடைக்காத கம்பெனி மாடலுக்கு மட்டும், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இடிக்குப் பிறகு படுத்த மெஷின் என்றால், புது யூனிட்டுக்குக் காசு கொடுக்கும் முன் மாற்று யூனிட்டில் ஓட்டி, நெட் கேபிள் செருகும் லான் போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இடி நெட் கேபிள் வழியாகவும் வரும். அந்த போர்ட் செத்திருந்தால் மதர்போர்டும் அடி வாங்கியிருக்கிறது.