ஹாஸ்டல் வராண்டா விளக்குக்குச் சென்சாரா, சுவிட்சா?

ஹாஸ்டலில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். முதல் வருடம் சுவிட்சுக்குப் பக்கத்தில் ‘அணைத்துவிட்டுச் செல்லவும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினோம், அடுத்த வருடம் ஆள் வந்தால் தானே விளக்கை எரியவிட்டு, போனபின் அணைக்கும் சென்சார் மாட்டினோம். இரண்டிலும் அடிபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் சென்சார் கட்சி.

சுவிட்சுக்குச் செலவு இல்லை, ரிப்பேரும் இல்லை. ஆனால் தன் அறை விளக்கை ஒழுங்காக அணைக்கிறவன்கூட வராண்டா விளக்கைத் தொடமாட்டான், பின்னால் யாராவது வருவார்கள் என்று விட்டுவிடுவான். ஒரு தளத்தில் 20 வாட் எல்இடி டியூப் பத்து இருந்தால் 12 மணி நேரத்துக்கு 2.4 யூனிட் ஆகும். அதே டியூப்கள் ஆள் நடக்கும்போது மட்டும், மொத்தமாக 4 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட்தான். (தேர்வு சமயத்தில் விடிய விடிய நடமாட்டம் இருக்கும், அப்போது இந்தக் கணக்கைக் காட்டி யாரிடமும் பெருமை பேச முடியாது.)

சென்சாரிலும் இரண்டு வகை உண்டு. பிஐஆர் என்பது உடம்புச் சூடு நகர்வதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும், நடுவில் கதவோ தடுப்போ இருந்தால் அதற்குக் கண் தெரியாது. மைக்ரோவேவ் வகை மெல்லிய தடுப்பைத் தாண்டியும் பார்க்கும். இது தெரியாமல் நாங்கள் வராண்டாவில் மைக்ரோவேவை மாட்ட, அறைக்குள் ஒருவன் சட்டை மாற்றினாலே வெளியே விளக்கு எரிந்தது. அதைக் கழற்றித் தடுப்புகள் உள்ள குளியலறைக்குக் கொண்டுபோனோம், அங்கே அருமையாக வேலை செய்தது.

ஆனால் எல்லாம் பராமரிப்பில்தான் இருக்கிறது. சென்சாரில் எத்தனை நேரம் எரிய வேண்டும் என்று வைக்கும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். மிச்சம் பிடிக்கும் ஆசையில் குளியலறையில் அதைச் சில நொடிகளுக்குக் குறைத்து வைத்தோம். முகத்தில் சோப்போடு ஒருவன் இருட்டில் நின்றான், மறுநாளே யாரோ எலக்ட்ரீஷியனைப் பிடித்து சென்சாரைத் தாண்டி நேரடியாக ஒயரைக் கொடுத்துவிட்டார்கள், விளக்கு இருபத்து நாலு மணி நேரமும் எரிந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும். அப்புறம் வராண்டாவுக்கு 3 நிமிடம், குளியலறைக்கு 10 நிமிடம் என்று வைத்தோம், புகார் நின்றது. பிஐஆரின் கண்ணில் தூசி படியும், சிலந்தி கூடு கட்டும், துடைப்பதற்குத் தளத்துக்கு ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் வாங்கவே வேண்டாம். எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்காதீர்கள், நான் பார்த்தது ஒரே வருடம்.

பழைய டியூப்லைட்டோடு சென்சாரைச் சேர்க்காதீர்கள், அடிக்கடி எரிந்து அணைந்தால் அது சீக்கிரம் போய்விடும். முதலில் எல்இடிக்கு மாறுங்கள். கழற்றிய டியூப்பில் பாதரசம் இருக்கும், குப்பைத் தொட்டியில் போடாமல் உடையாமல் மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்.

வாசிப்பு அறையில் மட்டும் சுவிட்சையே விட்டுவைத்தோம். அசையாமல் உட்கார்ந்து படிப்பவனை பிஐஆர் ஆளாகவே மதிக்காது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஆட்டிக்கொண்டே எவன் படிப்பான்?