ஸ்பிட்ஃபயரா, எம்ஜிபியா? நான் ஏன் ட்ரையம்ப் பக்கம் போனேன்

இங்கிலாந்துல கையில இருக்குற காசுக்கு பழைய ஓப்பன் டாப் ஸ்போர்ட்ஸ் கார் தேடுனா, கடைசியில ட்ரையம்ப் கம்பெனியோட ஸ்பிட்ஃபயர், எம்ஜி கம்பெனியோட எம்ஜிபி, இந்த ரெண்டுலதான் வந்து நிப்போம். ஜாகுவார் ஈ-டைப் எல்லாம் பாத்து பெருமூச்சு விடத்தான். ரெண்டுமே 1962ல வந்து 1980ல நின்னுபோனது, 40 வருஷம் தாண்டிருச்சு, ஹிஸ்டாரிக்னு பதிஞ்சிட்டா ரோடு டாக்ஸும் இல்ல, புகை அதிகம் விடுற வண்டிக்கு லண்டன்ல வாங்குற யூலெஸ் காசும் இல்ல.

கெத்துன்னா எம்ஜிபிதான், ஒத்துக்கிறேன். அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, எம்ஜி பேட்ஜ் தெரியாத ஆள் இங்க கிடையாது, சார்லஸ் ராஜாவே இளவரசரா இருந்தப்போ அதோட 6 சிலிண்டர் அண்ணன் எம்ஜிசி ஓட்டுனவர். 1798 சிசி, மோட்டார்வேல அலுங்காம போகும்னு வச்சிருக்கறவங்க சொல்றாங்க. நான் ஓட்டுனது நண்பரோட வண்டியில ஒரு ரவுண்டுதான், அதனால அதுக்கு மேல அளக்கல.

நான் வாங்குனது ஸ்பிட்ஃபயர் 1500. காரணம் ரிப்பேர் வேலைதான். எம்ஜிபில தனி சேஸி, அதாவது பாரம் தாங்குற அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாம், கதவுக்கு கீழ இருக்குற சில் துருப்பிடிச்சா நடுவுல தொய்ஞ்சு கதவே சரியா மூடாது, அதை வெட்டி வெல்டிங் பண்றது வீட்டு வாசல்ல ஆகுற வேலை இல்ல. ஸ்பிட்ஃபயர்லயும் சில் துருப்பிடிக்கும், பாக்கத்தான் வேணும், ஆனா அடியில தனி சேஸி இருக்கு. அதைவிட பெருசு அந்த பானட்: மட்கார்டு, ஹெட்லைட்டோட மூக்கு மொத்தமும் முன்னால சாஞ்சிடும், நாம ஜம்முனு முன் டயர் மேல உக்காந்துகிட்டே கார்புரேட்டரை கழட்டலாம். இது ட்ரையம்ப் ஹெரால்டுல இருந்து வந்த டிசைன், அதேதான் மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டா ஓடுச்சு, ஊர்ல பழைய மெக்கானிக் பெருசுங்களுக்கு போட்டோ காட்டுனாலே போதும், கதை ஆரம்பிச்சிடுவாங்க.

தொல்லை இல்லாம இல்ல. முன் சக்கரத்துல ட்ரன்னியன்னு ஒண்ணு, சக்கரம் திரும்புறதுக்கான கீழ் மூட்டு, அதுக்கு கிரீஸ் இல்ல, ஈபி 90 கியர் ஆயில்தான் ஏத்தணும், விட்டுட்டா உள்ள தேஞ்சு ஒருநாள் ஒடைஞ்சு சக்கரம் மடங்கிடும். 1500ன்னா இன்னொன்னு, ஒருத்தரை கிளட்ச் மிதிக்க சொல்லிட்டு இன்ஜின் முன்னாடி பெல்ட் மாட்டியிருக்குற கிராங்க் புல்லியை பாருங்க. கண்ணுக்கு தெரியுற மாதிரி முன்னும் பின்னும் நகந்துச்சுன்னா, கிராங்க் அப்படி நகராம தடுக்குற த்ரஸ்ட் வாஷர் காலி, விலை பேசாமயே கிளம்பிடுங்க.