"எல்லாம் ஒண்ணா சேரும் தம்பி"ன்னு சொல்லி வித்தாங்க, பெரிய வாய் மீன் வளக்குறவங்க படிச்சுட்டு போங்க

கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. அரோவானா, ஆஸ்கார் மாதிரி பெரிய வேட்டை மீன் வச்சுக்கிட்டு கூட விட என்ன மீன் வாங்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் இது. நான் ஏமாந்த மாதிரி இன்னொருத்தர் ஏமாறக்கூடாது, அது ஒரு காரணம், எனக்கு இன்னும் கோவம் அடங்கல, அது இன்னொரு காரணம்.

என்கிட்ட ஒரு சில்வர் அரோவானா இருக்கு. விரல் நீளத்துல வாங்குனது, தனியாவே வளந்து ஒரு அடி தாண்டிடுச்சு. டேங்க் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 680 லிட்டர். அரோவானா மேல் தண்ணியிலயே சுத்தும், கீழ எறங்கவே எறங்காது, அதனால டேங்க்ல பாதிக்கு மேல சும்மா கிடக்குதேன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. இந்த "சும்மா கிடக்குதே"தான் என்னைக் கெடுத்துச்சு. உண்மையில அந்த டேங்க்கே சில்வர் அரோவானாவுக்கு ரொம்ப நாள் தாங்காது, முழுசா வளந்தா 3 அடி வரும், 2 அடி அகலத்துல திரும்பவே கஷ்டப்படும். அது அப்ப எனக்கு உறைக்கல.

வழக்கமா சாப்பாடு, ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாம் வாங்குற ஆள்கிட்டதான் போய் கேட்டேன், பேர் வேண்டாம். அவர் என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு ஷோ டேங்க் காட்டுனாரு. அதுல அரோவானா, ஆஸ்கார், ரெட் டெயில் கேட்ஃபிஷ் (செவப்பு வால் கெளுத்தி), ஷார்க், சக்கர் (கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பாசி திங்கிற மீன்) எல்லாம் ஒண்ணா நிக்குது, ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கிற அளவுக்கு கூட்டம், ஆனா ஒரு சண்டை இல்ல. "பாருங்க தம்பி, நேர்லயே பாக்குறீங்க, எல்லாம் ஒண்ணா சேரும்"னாரு. கண்ணால பாத்த பிறகு நம்பாம என்ன பண்றது.

அந்த ஷோ டேங்க் எப்படி சண்டை இல்லாம ஓடுதுன்னு எனக்குப் புரியவே பல மாசம் ஆச்சு. அதுல இருந்ததெல்லாம் குட்டி, எல்லாம் ஏறக்குறைய ஒரே சைஸ், ஒண்ணோட வாய்க்குள்ள இன்னொண்ணு போகாது. கூட்டம் அதிகமா இருந்தா எந்த மீனாலயும் ஒரு மூலையை இது என் இடம்னு பிடிச்சு வைக்க முடியாது, துரத்துற கோவமும் ஒருத்தன் மேலயே விழாம பத்து பேர் மேல பரவிடும். எல்லாத்துக்கும் மேல அந்த மீன் அங்க இருக்கிறதே சில நாள்தான், பழசு விக்கும் புதுசு வரும், அது பெரிய மீனாகி குணம் காட்டுற வரைக்கும் அங்க இருக்கப்போறதே இல்ல. அதனால ஷோ டேங்கைக் காட்டி "சேருது பாருங்க"ன்னு யாராவது சொன்னா, இந்த மீனுங்க இங்க வந்து எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும் கேளுங்க.

வாங்குனது என்னன்னா ரெண்டு ஆஸ்கார், மூணு ஷார்க், ஒரு சக்கர், ஒரு ரெட் டெயில். ரெட் டெயில் பெருசா வளரும்னு எங்கயோ கேட்ட ஞாபகம், அதைக் கேட்டேன். "அது சாதா வெரைட்டி தம்பி, இது ஷார்ட் பாடி, ஒரு அடியோட நின்னுடும்"னு சொல்லி அதுக்குன்னு தனியா கூடுதல் விலையும் வாங்குனாரு. 4 இஞ்ச் குட்டி, வெள்ளை வயிறு, செவப்பு வால், பெரிய மீசை, பாக்க பொம்மை மாதிரி இருக்கும், அந்த வயசுல ஷார்ட் பாடியா இல்லையான்னு என்னை மாதிரி ஆளுக்கு எப்படித் தெரியும். சாதா ரெட் டெயில் 4 அடி வரைக்கும் போற மீன்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் படிச்சேன். அமேசான்ல ஆத்துல கிடக்க வேண்டியது.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா, அவ்வளவு நேரம் பேசுனவர் என் டேங்க் எத்தனை லிட்டர்னு ஒரு வார்த்தை கேக்கல. ஃபில்டர் என்ன, அரோவானா எவ்வளவு நீளம், எதுவும் கேக்கல. எத்தனை வேணும்னு மட்டும்தான் கேட்டாரு.

முதல் வாரம் அமைதி. புது மீன் பயத்துல ஒதுங்கி நிக்கிறதை நான் "ஆஹா செட் ஆயிடுச்சு"ன்னு நெனச்சு வீடியோ எல்லாம் எடுத்தேன். சரியா ஏழு நாள் கேரண்டி முடிஞ்ச பிறகு ஆரம்பிச்சுது.

முதல்ல ஷார்க். அது உண்மையில சுறா இல்ல, கெளுத்தி வகை, கூட்டமா வாழுற மீன், பயந்த சுபாவம், அதுவும் 4 அடி வரை வளரக்கூடியது. யாராவது லைட் போட்டா போதும், தலைதெறிக்க ஓடிப்போய் கண்ணாடியில முட்டும். மூக்கு கிழிஞ்சு வெள்ளையா புண்ணு. மூணுல ஒண்ணு செத்துச்சு. போன் பண்ணா "உங்க தண்ணி சரியில்ல தம்பி"ன்னு சொல்லி ஒரு நீல மருந்து பாட்டில் குடுத்தாரு. நான் முட்டாள் அதை மெயின் டேங்க்லயே ஊத்துனேன். ஃபில்டர்ல மீன் கழிவுல வர்ற அமோனியாங்கிற விஷத்தைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்ற பாக்டீரியா இருக்கும்ல, அந்த மருந்து அதையும் அடிக்கும், அதனால புண்ணு பட்ட மீனைத் தனி தொட்டியில வச்சுத்தான் குடுக்கணும். மூணு நாள்ல அமோனியா ஏறி எல்லா மீனும் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. தினம் பாதி தண்ணி மாத்தி மாத்தி இடுப்பு ஒடிஞ்சுது. மீதி ரெண்டு ஷார்க்கும் அதுலயே போச்சு.

அடுத்து ஆஸ்கார். நல்ல மீன்தான், புத்திசாலி, ஆள் முகம் தெரிஞ்சு வரும். ஆனா அது சிக்லிட்ங்கிற வகை, இடம் பிடிக்கும். ரெண்டும் சேர்ந்து ஒரு பக்கக் கல்லையெல்லாம் வாயால அள்ளி ஒதுக்கிட்டு பாதி டேங்க் எங்களதுன்னு உக்காந்துடுச்சு. அரோவானா அந்தப் பக்கம் திரும்புனாலே வாலைக் கடிக்கும். தாடையில ரெண்டு மீசை இருக்கும்ல, அதுல ஒண்ணைக் கடிச்சுத் துண்டாக்கிடுச்சு. ராத்திரி வேற சக்கர் போய் அரோவானா உடம்புல ஒட்டிக்கிட்டு மேல இருக்கிற வழவழப்பை உறிஞ்சும், காலையில பாத்தா செதில் மேல வட்டமா தடம். சக்கர் பாசியை மட்டும் தின்னும், டேங்கை க்ளீன் பண்ணும்னு சொல்லித்தான் விக்கிறாங்க, பசிச்சா அசையாம நிக்கிற மீனையும் விடாது. அரோவானா பயந்து ஒரு ராத்திரி குதிச்சு மூடியில மோதுன சத்தம் இருக்கே, தூக்கிவாரிப் போட்டுச்சு. காட்டுல தண்ணிக்கு மேல இருக்கிற கிளையில உக்காந்த பூச்சியைப் பிடிக்கக் குதிக்கிற மீன் அது, மூடி மேல கல்லு வைக்காம இருந்திருந்தா காலையில தரையிலதான் கிடந்திருக்கும்.

இதையும் அவர்கிட்ட சொன்னேன். "பசியில கடிக்குது தம்பி, ஃபீடர் மீன் (இரையா போடுற உயிர் மீன்) போடுங்க"ன்னு ஒரு கவர் நிறைய கோல்ட் ஃபிஷ் வித்தாரு. அதோட வெள்ளைப்புள்ளி நோய் இலவசமா வந்துச்சு. பின்னால தெரிஞ்சுக்கிட்டது, கோல்ட் ஃபிஷ்ல தயாமினேஸ்னு ஒண்ணு இருக்கு, அது வைட்டமின் பி1ஐ அழிச்சுடும், அதையே தொடர்ந்து போட்டா வேட்டை மீனுக்கு சத்துக்குறை வரும். பெல்லட்டும் எறாலும் தின்னு பழகின மீனுக்கு அது தேவையே இல்ல.

இப்ப ரெட் டெயில் கதை. ஷார்ட் பாடியாம். அஞ்சு மாசத்துல ஒரு அடியைத் தாண்டிடுச்சு, நிக்கவும் இல்ல. பகல் பூரா மரக்கட்டைக்குக் கீழ செத்தது மாதிரி கிடக்கும், லைட் அணைச்ச பிறகுதான் அதோட ராஜ்ஜியம். ஒரு நாள் காலையில ஒரு ஆஸ்காரைக் காணோம். குதிச்சிருச்சோன்னு டேங்குக்குப் பின்னால எல்லாம் தேடிட்டு வந்து பாத்தா ரெட் டெயில் வயிறு பந்து மாதிரி உருண்டு இருக்கு. பதறிப்போய் உடனே தண்ணி மாத்தலாம்னு கையை விட்டேன், அது மெரண்டு பாதி ஜீரணமான ஆஸ்காரைக் கக்கிடுச்சு. அந்த நாத்தம் ரெண்டு நாள் ரூமை விட்டுப் போகல, அமோனியா மறுபடியும் மேல. பெரிய கெளுத்தி வயிறு நிறைய தின்னிருந்தா அதைத் தொந்தரவு பண்ணவே கூடாதுங்கிறதை இப்படித்தான் கத்துக்கிட்டேன்.

அதைவிட மோசம் அடுத்த மாசம். சக்கரை முழுங்கப் பாத்திருக்கு. சக்கருக்கு முதுகுலயும் ரெண்டு பக்கமும் முள்ளு இருக்கும், பயந்தா அதை விரிச்சு பூட்டு போட்ட மாதிரி நிறுத்திடும், உள்ளயும் போகாது வெளியவும் வராது. காலையில ரெட் டெயில் வாயில சக்கரோட வால் மட்டும் வெளிய தொங்குது, ரெண்டுக்கும் மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. ஈரத்துணியில சுத்திப் பிடிச்சு, கட்டிங் ப்ளையரால வாய்க்குள்ள விட்டு முள்ளை நறுக்கி எடுக்க வேண்டியதாச்சு. கையெல்லாம் நடுக்கம். சக்கர் பொழைக்கல. ரெட் டெயில் பத்து நாள் எதுவும் திங்காம கிடந்து அப்புறம் தேறுச்சு. வாய்க்குள்ள போறதெல்லாம் போகும்னு சொல்லுவாங்க, பாதி போய் மாட்டிக்கும்ங்கிறதை யாரும் சொல்றதில்ல.

என் தப்பும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. மீன் வாங்குறதுக்கு முன்னால படிச்சிருக்கணும். இப்ப யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது, இன்னைக்கு இருக்கிற சைஸைப் பாக்காதீங்க, முழுசா வளந்த சைஸையும் எது வேகமா வளருதுங்கிறதையும் பாருங்க, இன்னைக்கு ரெண்டும் சமம்னா ஆறு மாசத்துல ஒண்ணு இன்னொண்ணோட சாப்பாடு. நீளத்தை விட உடம்பு உயரம் முக்கியம், நீளமா ஒல்லியா இருக்கிற மீன் சுலபமா உள்ள போயிடும், தட்டு மாதிரி அகலமா இருக்கிறது போகாது. "டேங்க் சைஸுக்குத்தான் மீன் வளரும்"ங்கிறது சுத்தப் பொய், இடம் பத்தாம வளர்ச்சி குன்றி முதுகு கூன் விழுந்து சீக்கிரம் சாகும், அதைத்தான் அப்படிச் சொல்றாங்க. தண்ணியும் பாக்கணும், ஆப்பிரிக்கா மலாவி ஏரி சிக்லிட்டுக்கு கடின தண்ணி, பிஎச் 8 பக்கம் வேணும், அமேசான் மீனுக்கு அது ஆகாது, கலர் நல்லாருக்குன்னு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குடுக்கிறவங்க இருக்காங்க. ஃப்ளவர்ஹார்ன் வச்சிருக்கீங்களா, துணையே தேடாதீங்க, அது தனி ஆள்.

இப்ப என் அரோவானா கூட உள்ளங்கை அகல சில்வர் டாலர் ஆறு இருக்கு, அடியில ஒரு பிச்சிர், அது தரையிலயே கிடக்கிற மீன். சில்வர் டாலர் நடுத்தண்ணியில கூட்டமா சுத்தும், வாய்க்குள்ள போகாது, வம்புக்கும் போகாது. முதல் ரெண்டு வாரம் நடுவுல டிவைடர் போட்டு ஒண்ணையொண்ணு பாக்க மட்டும் விட்டு, கல்லு கட்டையெல்லாம் இடம் மாத்தி வச்சு, லைட் அணைச்ச பிறகுதான் தடுப்பை எடுத்தேன். நாலு மாசமா ஓடுது, நாளைக்கே மாறலாம், ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குணம், அதனால காலி டேங்க் ஒண்ணு ரெடியாவே வச்சிருக்கேன். மிச்சம் இருந்த ஆஸ்கார் தனி டேங்க்ல ஜம்முன்னு இருக்கு.

ரெட் டெயில் ஒன்றரை அடி ஆனதும் என்னால முடியல. ஏரியில விட்டுடுன்னு ரெண்டு பேர் ஐடியா குடுத்தாங்க, தயவுசெஞ்சு அந்தக் காரியம் மட்டும் யாரும் பண்ணாதீங்க, அங்க இருக்கிற மீனையெல்லாம் காலி பண்ணிடும். கடைசியில வித்த ஆள்கிட்டயே போனேன். காசு எதுவும் தரமாட்டேன், பெரிய மீன் குளம் வச்சிருக்கிற ஒருத்தருக்குக் குடுத்துடறேன்னு வாங்கிக்கிட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு பெல்லட் வாங்கப் போனா (அவர்கிட்டதான் போறீங்களான்னு திட்டாதீங்க, அவசரம்) அதே ஷோ டேங்க்ல என் ரெட் டெயில் நிக்குது. வால்ல ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், எனக்குத் தெரியாதா. பக்கத்துல ஒரு அப்பாவும் பையனும் நிக்கிறாங்க, "எல்லாம் ஒண்ணா சேரும் சார்"னு ஓடிட்டு இருக்கு. நான் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிறுத்துப்போச்சு, "அந்தத் தம்பிக்கு தண்ணி பாக்கத் தெரியாது சார்"னாரு. அவங்க வாங்காம போயிட்டாங்க.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனப்ப டேங்க்ல ரெட் டெயில் இல்ல. எங்கண்ணே போச்சுன்னேன், சேல் ஆயிடுச்சுன்னாரு. எத்தனை லிட்டர் டேங்குக்குன்னு கேட்டேன். உள்ள வேலை இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.