சிரிப்பு யார் கையில்? 'மகளிர் மட்டும்', 'கோலமாவு கோகிலா'

'கோலமாவு கோகிலா' (2018) பார்க்கப் போன அன்று தியேட்டரில் பெரிய விசில் யோகி பாபுவுக்குத்தான். போஸ்டர் முழுக்க நயன்தாரா, கதையும் அவருடையது. அம்மாவுக்குப் புற்றுநோய், வைத்தியத்துக்குக் காசில்லை, மூத்த மகள் போதைப்பொருள் கடத்த இறங்குகிறாள். ஆனால் சிரிப்பு என்று வந்தால் அவளைக் காதலிக்கும் கடைக்காரர் சேகராக வரும் யோகி பாபு முந்திக்கொள்கிறார். 'கல்யாண வயசு' பாட்டும் அவருக்கே.

நயன்தாராவைக் குறை சொல்லவில்லை. நீளப் பாவாடை, சட்டை, தரையைப் பார்க்கும் கண், உதட்டைத் தாண்டாத குரல். எதிரே ரவுடி நின்றாலும் மளிகைக் கடையில் கடன் கேட்பது போலத்தான் பேசுகிறார். அந்த அப்பாவி முகத்தை நம்பித்தான் அத்தனை பேரும் ஏமாறுகிறார்கள். இயக்குநர் நெல்சனின் இந்த முதல் படம் நிற்பதே அந்த முகத்தில்தான். இருந்தும் வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் வசனங்கள் பெரும்பாலும் ஆண்களிடம் போய்விட்டன.

1994-ல் வந்த 'மகளிர் மட்டும்' அப்படிச் செய்யவில்லை. கமல் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். அலுவலகத்தில் தொல்லை கொடுக்கும் மேலதிகாரியாக நாசர். அவரிடம் மாட்டிக்கொண்ட ரேவதி, ஊர்வசி, ரோகிணி. மூவருக்கும் மூன்று தமிழ். ஊர்வசிக்கு மாமி பேச்சு, ரோகிணிக்கு மெட்ராஸ் பாஷை, ரேவதிக்குப் படித்தவளின் நிதானம். ஊர்வசியைக் கவனித்துப் பாருங்கள்: பதற்றத்தில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, பாதியில் விட்டு, மூச்சுகூட வாங்காமல் அடுத்ததுக்குத் தாவுவார். நமக்குப் புரிவதற்குள் சிரித்திருப்போம். பிணமாக வரும் நாகேஷை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஒரு வசனமும் கிடையாது. அந்தப் பிணத்தை வைத்துக்கொண்டு இவர்கள் படும் பாடுதான் அங்கே நகைச்சுவை.

தயாரிப்பாளர் பக்கம் நின்று பார்த்தால் கோகிலா வழிதான் பத்திரம். நட்சத்திர நாயகி கூட்டத்தைக் கூட்டுவார், காமெடியன் சிரிப்பைப் பார்த்துக்கொள்வார். மற்றொரு வழிக்கு, பெண்ணுக்காகவே உட்கார்ந்து காமெடி எழுதுகிற ஆள் வேண்டும். எனக்கு அந்த வழிதான் வேண்டும்.

நடிகைகளுக்குப் பஞ்சமா என்ன? 'சதிலீலாவதி'யில் (1995) கொங்குத் தமிழில் கமலுக்கே ஈடுகொடுத்தவர் கோவை சரளா. அதே படத்தில் லீலாவதியாக வந்த கல்பனா, ஊர்வசியின் அக்கா. சரளா ஒரு படத்தைத் தோளில் சுமந்தது 2022-ல், 'செம்பி'யில். அதுவும் பேத்திக்காகப் போராடும் பாட்டியாக, கண்ணீரும் கோபமுமாக. ஊர்வசிக்கு 2024-ல் 'ஜெ பேபி' வந்தது. தொடக்கத்தில் சிரிக்கவைத்தார், போகப்போக அழவைத்தார். இரண்டிலும் நடிப்பு அபாரம். ஆனால் நம்மை இத்தனை வருஷம் சிரிக்கவைத்தவர்களுக்கு ஒரு முழுப்படம் கிடைக்கும்போது, அதில் அவர்கள் ஏன் அழ வேண்டியிருக்கிறது?