கல்வேஸ்லேண்ட்: நுவரெலியா நகருக்குள்ளேயே ஒரு காலைப்பொழுதுக்கான காடு

நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் காடு பார்க்க விரும்பினால், தங்குமிடத்தில் சொல்லி ஹோட்டன் சமவெளிக்கு வேன் பேசுவதுதான் வழக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த நானும், நகரிலிருந்து முச்சக்கரவண்டியில் சில நிமிடங்களில் போய்ச் சேரக்கூடிய கல்வேஸ்லேண்ட் தேசிய பூங்காவை நாற்பது வயது வரை எட்டிப் பார்த்ததில்லை. கடந்த பெப்ரவரியில் அம்மாவுடன் இரண்டு நாள்கள் நுவரெலியாவில் தங்கியபோது, முதல் நாளைச் சமவெளிக்கும் மறுநாள் காலையை இந்தச் சிறிய பூங்காவுக்கும் ஒதுக்கினோம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டதால், ஒரு காலைப்பொழுது மட்டுமே கையில் இருப்பவர் எதைத் தெரிவு செய்யலாம் என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு.

முதலில் ஹோட்டன் சமவெளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டு, 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகளுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்த நிலத்தின் பெருமையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே, பனியில் வெளுத்த புல்வெளியும் குட்டையான முறுக்கு மரங்களும் மாறிமாறி வரும் அந்தக் காட்சி இலங்கையில் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அங்கே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே எதையாவது பார்க்க வேண்டுமானால் காலை ஒன்பது மணிக்கு முன் அங்கு சேர்ந்துவிட வேண்டும். அதன்பின் பெரும்பாலும் முகில் ஏறிவிடும். விடியற்காலை நாலரைக்கு வருவதாக வாக்களித்த வேன் ஆறேகாலுக்கு வந்து சேர்ந்ததால், நாங்கள் விளிம்பை அடைந்தபோது எதிரே வெள்ளைத் துணி விரித்தாற்போல முகில் மட்டுமே இருந்தது. அந்தப் பயணத்துக்கு முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்ட சேவையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எந்த வேனைப் பேசினாலும் சாரதியின் தொலைபேசி எண்ணை முந்தைய இரவே நேரடியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் இணைக்கும் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர் நீளமானது. முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறிய அம்மாவுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய முழங்கால்கள் வேறுவிதமாக நினைத்தன. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தவர், “நீ போயி பாத்துட்டு வா தம்பி, முகில நான் லயத்து வாசல்லயே நெறைய பாத்துட்டேன்” என்றார். வாகனத் தரிப்பிடத்தருகே மனிதரிடம் தீனி எதிர்பார்த்து நிற்கும் மரைகளை, அதாவது கடமான்களைப் பார்த்ததுதான் அன்று அவருக்குக் கிடைத்த வனவிலங்குக் காட்சி. பிஸ்கட் தின்னப் பழகிய மரையைப் பார்ப்பதை வனவிலங்கு பார்த்த கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். அந்த விதியைத் தொல்லையாக எண்ணி முணுமுணுப்போரைக் கண்டேன். என்னைக் கேட்டால், அங்குள்ள ஏற்பாடுகளில் மிகச் சிறந்தது அதுதான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கல்வேஸ்லேண்ட் வாயிலில் நாங்கள் இருவர் மட்டுமே நின்றோம். 1938இல் சரணாலயமாகவும் 2006இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த இடத்தின் பரப்பு 30 ஹெக்டேயருக்கும் குறைவு. நடுத்தரத் தேயிலைத் தோட்டமொன்றின் ஒரு பிரிவைவிடவும் சிறியது. ‘தேசிய பூங்கா’ என்ற சொல்லைக் கேட்டு யானையையும் சிறுத்தையையும் எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். இங்கு வரவேண்டியது பறவைகளுக்காக, அதுவும் ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட மாதங்களில். இமயமலைச் சாரலில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கும் சில அரிய பறவைகள், இலங்கை மலைநாட்டின் இந்தச் சிறு காட்டுத் துண்டுகளில்தான் அரையாண்டுக் காலத்தைக் கழிக்கின்றன.

பாதை ஒற்றையடிப் பாதைதான், ஆனால் தெளிவானது. ஏற்றம் மிகக் குறைவு. வேகமாக நடப்பவர் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடலாம். எங்களுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் எடுத்தது, அதுவும் போதவில்லை. உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்தில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவிகள் நான்கைந்து தலைக்கு மேலே சலசலத்தன. இந்தத் தீவுக்கு வெளியே எங்குமில்லாத இப்பறவையை நுவரெலியாவின் வீட்டுத் தோட்டங்களிலும் பார்க்கலாம் என்பதால் அதைப் பெரிதுபடுத்தத் தோன்றவில்லை. சற்றுத் தள்ளி, ஈரம் கசியும் ஓடைக்கரையில் ஒரு கிளை அசைந்தது. சாம்பல் நிற முதுகும், கரிய விளிம்பிட்ட செம்பழுப்பு நெஞ்சும் கொண்ட சிறு பறவை வாலை மேலே உதறி உதறிக் காட்டியது. காஷ்மீர் ஈப்பிடிப்பானின் ஆண் பறவை அது. காஷ்மீரையும் அதனை அண்டிய மலைகளையும் தவிர வேறெங்கும் கூடு கட்டாத அந்தச் சின்ன உயிர், எங்கள் முகத்துக்கு எட்டு அடி தூரத்தில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் அது வந்த தூரத்தைச் சொன்னேன். “எங்க தாத்தா இராமேஸ்வரத்துல இருந்து மன்னாருக்கு வந்து, அங்கேருந்து மாத்தளைக்கு நடந்தாராம். இது அதைவிடத் தூரமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி காட்டை வேறு கண்ணால் பார்க்க வைத்தது. மலைநாட்டுக் காடுகளைக் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டிச் சாய்த்தவை எங்கள் முன்னோரின் கைகளே. வெட்டச் சொன்னவர்கள் வேறு. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அளித்த ஆலோசனையின் பேரில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவதைக் குடியேற்ற அரசு நிறுத்தியது. மலையுச்சிகளில் இன்று மிஞ்சியிருக்கும் காட்டுக்கு அந்த ஆணை ஒரு முக்கிய காரணம். கல்வேஸ்லேண்டில் உள்நாட்டு மரங்களோடு வெளிநாட்டு இனங்களும் கலந்து நிற்கின்றன. ஆகவே இதைத் தொடப்படாத காடு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் பாசி போர்த்திய கிளைகள் முகிலின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குவதை, நகரின் பேருந்துச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே நின்று பார்க்க முடிவது சிறிய விடயமல்ல.

இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியைக் காணவேண்டும் என்பதே என் பெரிய ஆசை. கருநீல மேனியுடைய, அருகிவரும் அந்தப் பறவை விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வெளிப்படும் கூச்ச சுபாவமுடையது. மெல்லிய, கூரான சீழ்க்கையொன்று இருமுறை கேட்டது. பறவை கண்ணில் படவில்லை. முதலில் கேட்டவர் அம்மாதான். தோட்டத்து வேலை விசில் சத்தத்துக்கு மலைக்கு ஓடிப் பழகிய காது அல்லவா.

குறைகளும் உண்டு. தொலைநோக்கியும் பறவைகளைப் பற்றிய அடிப்படை அறிவும் இல்லாமல் உள்ளே போகிறவருக்கு இது வெறும் மரங்களுக்கிடையே ஒரு நடையாகத் தோன்றக்கூடும்; சிறுபிள்ளைகள் அரை மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். அத்தகைய குடும்பங்களுக்கு, நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்கா பொருத்தமானது. அங்கும் இதே வலசைப் பறவைகள் சில வருகின்றன, பிள்ளைகளுக்கு ஓடியாட இடமும் உண்டு. கண்டியில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டேயரில் விரிந்திருக்கும் உடவத்தகெலே காடு, பரப்பில் இதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். மழைக்குப் பிறகு அங்கே போவதானால் அட்டைக்கு ஆயத்தமாகப் போங்கள். அம்மாவின் தலைமுறை காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டுதான் மலைக்கு ஏறியது. கடையில் விற்கும் அட்டைக் காலுறையைவிட அந்த முறை எனக்கு நன்றாகவே பயன்பட்டது.

நுழைவுச்சீட்டு உள்ளூர்வாசிகளுக்கும் வெளிநாட்டவருக்கும் தனித்தனி விலை என்பதால் தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். காலை வேளையில் குளிர் எலும்பைத் தொடும். ஒரு கம்பளிச் சட்டையும், சத்தமெழுப்பாத பாதணியும், பருகச் சூடான தேநீரும் இருந்தால் போதும். வருகை மாதத்தைத் தெரிவு செய்வதில்தான் கவனம் வேண்டும். ஊரெல்லாம் நுவரெலியாவுக்குத் திரண்டு, அறை வாடகை பன்மடங்காகும் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடிப் போவதில் பயனில்லை. அதற்குள் அது வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டிருக்கும்.