28-ஆ, 29-ஆ? புளூமரும் உட்வர்டும்

முதல் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்துக் கால்பந்தின் சிறந்த கோல் வேட்டைக்காரர் யார் என்றால், இரண்டு பெயர்களில் வந்து நிற்போம்: டெர்பி கவுண்டியின் ஸ்டீவ் புளூமர், டாட்டன்ஹாம், செல்சி அணிகளுக்கு ஆடிய விவியன் உட்வர்ட். இருவருமே நாட்டுக்காக 23 ஆட்டங்கள் ஆடினார்கள். புளூமர் 28 கோல், உட்வர்ட் 29. கணக்குப்படி சாதனை உட்வர்டுடையது.

சரி, அந்தக் கோல்கள் யாருக்கு எதிராக? புளூமர் ஆடிய 1895 முதல் 1907 வரை இங்கிலாந்துக்கு எதிரணி என்றால் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து மட்டும்தான். தன் முதல் 10 ஆட்டங்களிலும் அவர் கோல் அடித்தார். 1908-இல்தான் இங்கிலாந்து முதன்முறையாக ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் போனது. அப்போது ஆஸ்திரியாவை 11-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் உட்வர்டுக்கு 4 கோல். அடுத்த ஆண்டு ஹங்கேரியை 8-2 என வென்றபோது இன்னும் 4. அங்கே கால்பந்து அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. அதனால் என் ஓட்டு புளூமருக்குத்தான். டெர்பிக்காக அவர் அடித்த 332 கோல்களை அந்த அணியில் இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

ஆனால் உட்வர்டின் தொழில் கட்டடக் கலை. கால்பந்தில் காசு வாங்காத அமெச்சூர். புளூமரோ முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர். வேலைக்கு நடுவே ஆடி அந்த உயரத்தைத் தொட்டது சாதாரணமில்லை. 1908, 1912 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவரும் அவரே. இங்கிலாந்து கிளப் அணிகளுக்கான நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை இருவருக்குமே வாய்க்கவில்லை. புளூமர் 1898, 1899 இறுதி ஆட்டங்களில் தோற்றார். உட்வர்ட் கதை வேறு: 1915-இல் படையிலிருந்து விடுப்பில் வந்தவருக்கு இறுதி ஆட்டத்தில் இடம் இருந்தது. அதுவரை ஆடி அணியைக் கொண்டுவந்த பாப் தாம்சனே ஆடட்டும் என்று விலகிக்கொண்டார். செல்சி 0-3 என்று தோற்றது. எத்தனை கோல் அடித்தாலும் வராத மரியாதை அந்த முடிவால் அவருக்கு வந்தது.

போர் இருவரையும் விடவில்லை. உட்வர்ட் 1916-இல் கையெறி குண்டால் காயமடைந்தார். பயிற்சியாளராக பெர்லின் போயிருந்த புளூமரை, பிரிட்டிஷ்காரர்களைச் சிறைவைத்த ரூலேபன் முகாமில் அடைத்தார்கள். அப்புறம் அவர் ஸ்பெயின் சென்று ரியல் யூனியன் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1924-இல் அந்த அணி ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி ஸ்பெயின் கோப்பையை வென்றது.